இரண்டு யூனிட் கூட்டச் சொல்வது யார்?

மாத்திரைகளால் சர்க்கரை கட்டுக்குள் வராத ஒருவருக்கு முதன்முறையாக இன்சுலின் எழுதும் மருத்துவர் பெரும்பாலும் இரவில் 10 யூனிட் என்றுதான் தொடங்குவார். அது போதாது என்பது எழுதுகிறவருக்கே தெரியும். ஒருவருடைய உடம்புக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லாததால், குறைவாகத் தொடங்கி, காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை அளவை வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் கூட்டிப் போக வேண்டும். 2003இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்று 756 பேரிடம் இதை ஒழுங்காகச் செய்து பார்த்தது. எல்லோரும் 10 யூனிட்டில் தொடங்கினார்கள். வாரம் ஒருமுறை, எழுதிவைத்த விதிப்படி, அளவு கூட்டப்பட்டது. 24 வாரங்கள் முடிந்தபோது சராசரி அளவு 40 யூனிட்டைத் தாண்டியிருந்தது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.6 சதவீதத்திலிருந்து 7க்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. இதே கணக்கை வழக்கமான நடைமுறையில் போட்டுப் பார்க்கலாம். நோயாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறார், பார்க்கும்போதெல்லாம் நான்கு யூனிட் கூட்டப்படுகிறது என்றால், 10இலிருந்து 46ஐ எட்ட ஒன்பது சந்திப்புகள் தேவை. அதற்கு இரண்டேகால் ஆண்டு ஆகும். மருந்து ஒன்றுதான், விதியும் ஒன்றுதான். அடுத்த முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

இது காகிதத்தில் மட்டும் வரும் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒரே ஒரு வகை மாத்திரை எடுத்துக்கொண்டு, ஹெச்பிஏ1சி 7 சதவீதத்துக்கும் மேல் இருந்தவர்களுக்கு அடுத்த மாத்திரை சேர்க்கப்படுவதற்குள் கடந்த காலத்தின் இடைநிலை அளவு 2.9 ஆண்டுகள். 8 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்குக்கூட ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும், ஒவ்வொருவருக்கும் குடும்ப மருத்துவர் இருக்கும் நாட்டு நிலவரம் இது. தாமதத்துக்கு யாரையும் சோம்பேறி என்று பழிக்க வேண்டியதில்லை. மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்க முடிவது சில நிமிடங்கள். 'போன மாதம் வீட்டில் விசேஷம், அடுத்த முறை சரியாகிவிடும்' என்று நோயாளி சொல்வார்; மருத்துவரும் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று நினைப்பார். மருந்தைக் கூட்டினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுமோ என்ற பயம் இருவருக்குமே உண்டு. அப்படி ஒரு சந்திப்பு நழுவினால் மூன்று மாதம் போய்விடும்.

நீரிழிவு உள்ளவர்களைச் செவிலியர் தொலைபேசியில் தொடர்ந்து கவனிக்கும் முறையை இந்தத் தாமதத்தோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக அதை நினைவூட்டல், அறிவுரை, ஆறுதல் என்ற கணக்கில் பேசுகிறோம்: மாத்திரை போட்டீர்களா, நடந்தீர்களா, இனிப்பைக் குறைத்தீர்களா என்று கேட்கும் அன்பான குரல். அந்தக் குரலுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் சென்ற முப்பது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது. அழைப்பு முடியும்போது சிகிச்சையில் ஏதாவது மாற முடியும் என்ற ஏற்பாடு இருந்த இடங்களில் பலன் பெரிதாகவும், அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் சிறிதாகவோ இல்லாமலோ போயிருக்கிறது. தொலைபேசிச் சேவையைத் திட்டமிடுகிறவர்கள் எத்தனை பேரை அழைத்தோம் என்று எண்ணுவதற்கு முன்னால், அழைக்கும் செவிலியருக்கு என்ன முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஆய்வுகளுக்குள் போகுமுன் அளவுகோலைப் பற்றி ஒரு குறிப்பு. ரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கின்றன. அந்த நாட்களில் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் அது ஒட்டியிருக்கிறது என்பதே ஹெச்பிஏ1சி. நம் ஊரில் 'மூன்று மாதச் சராசரி' என்று சொல்லப்படுவது. பரிசோதனைக்கு முதல்நாள் பத்தியம் இருந்து இந்த எண்ணைக் குறைத்துக் காட்ட முடியாது. இதில் ஒரு சதவீதப் புள்ளி என்பது சிறிய மாற்றமும் இல்லை. 1998இல் முடிவு வெளியான பிரிட்டனின் புகழ்பெற்ற நீண்டகால ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இடையே பத்தாண்டுகள் நீடித்த வேறுபாடு 7.9க்கும் 7.0க்கும் உள்ள இடைவெளிதான். அதற்கே கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் கால்வாசி குறைந்தன. ஆகவே இனி வரும் ஆய்வுகளில் 0.3, 0.5, 1.3 என்று எண்கள் வரும்போது, அந்த 0.9ஐ மனத்தில் வைத்துக்கொண்டு எடைபோடலாம்.

நீரிழிவு சிகிச்சையின் வரலாற்றைத் திருப்பிய ஆய்விலேயே தொலைபேசி இருந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 மையங்களில், முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் பின்தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 1993இல் வெளியானது. சர்க்கரையை இயல்புக்கு அருகில் வைத்திருந்தால் பாதிப்புகளைத் தடுக்க முடியுமா என்ற நெடுநாள் சர்ச்சையை அது முடித்துவைத்தது. தீவிர சிகிச்சைக் குழுவின் ஹெச்பிஏ1சி 7ஐ ஒட்டியும் மற்றக் குழுவுக்கு 9ஐ ஒட்டியும் இருந்தது. தொடக்கத்தில் விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்களுக்கு அது புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. தீவிர சிகிச்சை என்றால் ஒரு நாளைக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசி, அல்லது இன்சுலின் பம்ப் என்று நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் குழுவினர் மாதந்தோறும் மையத்துக்கு வந்தார்கள் என்பதும், அதைவிட அடிக்கடி தொலைபேசியில் தொடர்புகொள்ளப்பட்டு இன்சுலின் அளவு திருத்தப்பட்டது என்பதும் ஆய்வறிக்கையிலேயே இருக்கின்றன. ஊசிகளின் எண்ணிக்கை உலகெங்கும் பரவியது. அந்தத் தொலைபேசி பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு வந்து சேரவில்லை.

அப்படிப்பட்ட ஓர் அழைப்பில் என்ன நடக்கிறது என்பதை விளக்கினால்தான் அதிகாரம் என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். செவிலியர் முதலில் எண்களைக் கேட்கிறார்: சென்ற சில நாட்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரை எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு. அடுத்துத் தாழ்சர்க்கரை வந்ததா என்று கேட்கிறார். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதா, நடுக்கமோ வியர்வையோ இருந்ததா, எந்த நேரத்தில், அன்று சாப்பாடு தள்ளிப்போனதா. பிறகு அந்த எண்களுக்குக் காரணம் தேடுகிறார். ஊசியை ஒரே இடத்தில் போட்டுப் போட்டு அங்கே தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிட்டால் இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. அப்போது அளவைக் கூட்டுவது தவறு, இடத்தை மாற்றச் சொல்ல வேண்டும். மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தாலும் அப்படித்தான். எல்லாம் சரியாக இருந்தும் காலைச் சர்க்கரை இறங்கவில்லை என்றால், மருத்துவர் முன்பே கையெழுத்திட்ட விதித்தாளைப் பார்த்து, 'இன்றிரவு முதல் இரண்டு யூனிட் கூட்டிக்கொள்ளுங்கள், வியாழக்கிழமை பேசுவோம்' என்கிறார். தாழ்சர்க்கரை வந்திருந்தால் குறைக்கச் சொல்கிறார். விதித்தாளில் அடங்காத எதுவும் மருத்துவருக்குப் போகிறது. இதில் மிகக் கடினமான மருத்துவ அறிவு தேவைப்படுவதில்லை. எண், விதி, பொறுமை, நோயாளி உண்மையைச் சொல்லும் அளவுக்கு ஒரு பழக்கம் ஆகியவை தேவைப்படுகின்றன. அதனால்தான் இது செவிலியருக்குப் பொருந்துகிற வேலை.

கனடாவின் வான்கூவரில் நடந்து 1999இல் வெளியான சிறிய ஆய்வு இதை அப்படியே சோதித்தது. இன்சுலின் எடுத்துக்கொண்டும் சர்க்கரை கட்டுப்படாத 46 பேர் இரண்டு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழுவை நீரிழிவுக் கல்வியில் தேர்ந்த செவிலியர் வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை அழைத்து இன்சுலின் அளவைத் திருத்தினார். ஆறு மாதத்தில் அழைக்கப்பட்டவர்களின் ஹெச்பிஏ1சி 9.6இலிருந்து 7.8ஆக இறங்கியது; மற்றவர்களுக்கு 9.4இலிருந்து 8.9. இரு குழுக்களின் இறக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு 1.3 புள்ளி. தென்கொரியாவில் 2003இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதே திசையில் போனது. செவிலியர் முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறையாவது, பிறகு வாரம் ஒருமுறை அழைத்தார். உணவு, உடற்பயிற்சி, வீட்டில் சர்க்கரை பார்ப்பது ஆகியவற்றோடு மருந்து அளவு பற்றிய பரிந்துரையும் அழைப்பில் இருந்தது. 12 வாரங்களில் அழைக்கப்பட்டவர்களுக்கு 1.2 புள்ளி குறைந்தது, மற்றவர்களுக்கு 0.6 புள்ளி கூடியது.

இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு இதைவிடப் பெரியது; 591 பேர், ஓராண்டு. அங்கே அழைத்தவர்கள் பயிற்சி பெற்ற சாதாரணத் தொலைபேசிப் பணியாளர்கள். கணினித் திரை அவர்களுக்கு அடுத்தடுத்த கேள்விகளைக் காட்டியது, பின்னால் ஒரு நீரிழிவுச் செவிலியர் இருந்தார். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஓர் அழைப்பு, மிக அதிகமாக இருப்பவருக்கு மாதம் ஒன்று என்று தேவைக்கேற்ப இடைவெளி அமைந்தது. மொத்தத்தில் கிடைத்த கூடுதல் பலன் 0.31 புள்ளி. ஆனால் இந்தச் சராசரிக்குள் இரண்டு விதமான மனிதர்கள் இருந்தார்கள். தொடக்கத்தில் 7க்கு மேல் இருந்தவர்களுக்கு 0.49 குறைந்தது, 7க்குக் கீழே இருந்தவர்களுக்கு மாற்றமே இல்லை. கட்டுக்குள் இருப்பவரை அழைத்து நலம் விசாரிப்பதால் எண் இறங்கப் போவதில்லை என்பது யோசித்தால் புரிகிற விஷயம்தான். எல்லோரையும் சமமாக அழைக்கும் திட்டம் நியாயமாகத் தோன்றினாலும், செவிலியரின் நேரத்தைப் பயனில்லாத இடத்தில் கொட்டுகிறது.

இனி எதிர்ப்பக்கச் சான்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 59 குடும்ப மருத்துவ நிலையங்களில், 473 நோயாளிகளிடம், 18 மாதம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. நிலையங்களில் ஏற்கெனவே வேலை செய்த செவிலியர்களுக்கே பயிற்சி தரப்பட்டது. அவர்கள் தொலைபேசியில் நோயாளிகளை ஊக்குவித்து, தங்கள் இலக்கு எண்களை அறிந்துகொண்டு, மருந்தைக் கூட்டுவது பற்றி மருத்துவரிடம் தாங்களே கேட்கும்படி தயார்செய்ய வேண்டும். ஹெச்பிஏ1சி, ரத்த அழுத்தம், கொழுப்பு எதிலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. தொலைபேசிக் கவனிப்பே வீண் என்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டும் ஆய்வு இதுதான், காட்டவும் வேண்டும். ஆனால் அதன் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் எட்டு அழைப்புகள் திட்டமிடப்பட்டிருந்தன. நடந்தவற்றின் இடைநிலை எண்ணிக்கை மூன்று. 18 மாதத்தில் மூன்று அழைப்பு. அந்த மூன்றிலும் செவிலியரால் அளவை மாற்ற முடியாது. நோயாளியிடம் சொல்லி, நோயாளி மருத்துவரிடம் சொல்லி, மருத்துவர் இசைந்தால்தான் ஏதாவது மாறும். தாமதத்தை வெட்ட வேண்டிய அழைப்பு, தாமதம் இருக்கும் அதே வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டது.

இந்த ஒப்பீடு நேர்மையானதா என்று ஒருவர் கேட்கலாம். வான்கூவரில் 46 பேர், விக்டோரியாவில் 473 பேர். ஒன்றில் எல்லோரும் இன்சுலின் எடுப்பவர்கள், மற்றதில் அப்படி இல்லை. ஒன்றில் வாரம் மூன்று அழைப்பு, மற்றதில் ஆறு மாதத்துக்கு ஒன்று. அதிகாரத்தால் வந்த பலன் எது, அடிக்கடி பேசியதால் வந்த பலன் எது என்று இவற்றை வைத்துப் பிரிக்க முடியாது என்ற ஆட்சேபம் சரியானது. ஆனால் அவை இரண்டும் தனித்தனியாக நிற்கக்கூடியவையா என்பதும் கேள்வி. அடிக்கடி பேசாமல் அளவை மாற்றுவது ஆபத்து. மாற்ற எதுவும் இல்லாமல் அடிக்கடி பேசுவது இரு தரப்பையும் விரைவில் சலிப்படையச் செய்யும். எட்டு அழைப்பு மூன்றாகச் சுருங்கியதற்குச் செவிலியரின் வேலைப்பளு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அழைத்தும் செய்ய முடிவது குறைவு என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அறிவுரை மட்டுமே உள்ள அழைப்புகளின் பலன் எவ்வளவு என்பதற்கு நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியில் 941 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு நல்ல அளவுகோல். சுகாதாரக் கல்வியாளர்கள் ஓராண்டு அழைத்தார்கள், அழைக்கப்பட்டவர்களுக்கு 0.9 புள்ளியும், அச்சிட்ட கையேடு மட்டும் பெற்றவர்களுக்கு 0.5 புள்ளியும் குறைந்தன. ஆக நல்ல அறிவுரைக்கு 0.4 புள்ளி மதிப்பு உண்டு. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டியதில்லை.

பல ஆய்வுகளைத் திரட்டிச் சராசரி எடுத்த தொகுப்பாய்வுகளே தெளிவான பதில் தரவில்லையே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான். 2010இல் வெளியான தொகுப்பு ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 0.44 புள்ளி என்று கணக்கிட்டது; அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற வாய்ப்பை அதனால் விலக்க முடியவில்லை. 2014இல் ஐந்து ஆய்வுகளைச் சேர்த்த இன்னொரு தொகுப்பு, வழக்கமான கவனிப்பைவிடத் தொலைபேசி மேல் என்று நிரூபணமாகவில்லை என்றது. இரண்டிலும் 'தொலைபேசி அழைப்பு' என்ற ஒரே பெயரின்கீழ் உள்ளடக்கத்திலும் இடைவெளியிலும் வேறுபட்ட அழைப்புகள் சேர்ந்துவிடுகின்றன. மாத்திரை வேலை செய்கிறதா என்று எல்லா மாத்திரைகளையும் கூட்டிச் சராசரி பார்த்தால் எந்த மாத்திரையைப் பற்றியும் எதுவும் தெரியாது. 2010 தொகுப்பிலேயே தீவிரமான தொடர்கவனிப்பு இருந்த ஆய்வுகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது பலன் பெரிதாகத் தெரிந்தது. தொலைபேசி ஒரு வழி மட்டுமே. அந்த வழியாக என்ன அனுப்புகிறோம் என்பதைச் சொல்லாத சராசரியிலிருந்து கொள்கை முடிவு எடுக்கக் கூடாது.

மருத்துவர்கள் எழுப்பும் ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. நேரில் பார்க்காத நோயாளிக்கு இன்சுலினைக் கூட்டலாமா? 1993 ஆய்வில் தீவிர சிகிச்சைக் குழுவினருக்குக் கடுமையான தாழ்சர்க்கரை ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் இந்த அபாயம் அழைப்பினால் வருவது இல்லை, சர்க்கரையை இறக்குவதோடு ஒட்டி வருவது. மருத்துவர் 20 யூனிட் எழுதிக் கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொன்னால், இரண்டாவது வாரத்தில் அதிகாலை மூன்று மணிக்கு வியர்த்து எழுகிற நோயாளி யாரிடம் சொல்வார்? ஊசியையே நிறுத்திவிடுவார், அடுத்த பரிசோதனையில் எண் ஏறியிருக்கும், மருத்துவர் இன்னும் கூட்டுவார். வாரம் ஒருமுறை பேசும் செவிலியர்தான் இந்தச் சுழலை அந்த வாரத்திலேயே கண்டுபிடிக்கக்கூடியவர். பொறுப்பு செவிலியருக்குப் புதிதும் இல்லை. பிரிட்டனில் தகுந்த பயிற்சி முடித்த செவிலியர்கள் 2006 முதல் தங்கள் தேர்ச்சிக்கு உட்பட்ட நோய்களுக்குச் சுயமாக மருந்து எழுதலாம். அதே நேரத்தில் தொலைபேசியின் எல்லையை ஒளிக்கக் கூடாது. காலில் உணர்வு போய்விட்டதா, விரலிடுக்கில் புண் இருக்கிறதா, விழித்திரையில் கசிவு இருக்கிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்பவை எந்த அழைப்பிலும் தெரியாது. அழைப்பு நேர்ச் சந்திப்பை ஒழிக்க வந்தது என்று நினைத்தால் கால்களை இழக்க நேரிடும். சந்திப்புகளுக்கு நடுவிலுள்ள வெற்று மாதங்களை நிரப்புவதே அதன் வேலை.

அழைப்பு நின்றால் பலனும் நின்றுவிடும் என்பது நியாயமான கவலை. 1993 ஆய்வு முடிந்தபின் அதில் பங்கேற்றவர்கள் வழக்கமான மருத்துவத்துக்குத் திரும்பினார்கள். சில ஆண்டுகளில் இரு குழுக்களின் ஹெச்பிஏ1சியும் 8ஐ ஒட்டி ஒன்றாகிவிட்டன. ஆதரவு போனதும் 7 என்ற எண்ணும் போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் அதே மனிதர்களைத் தொடர்ந்து கவனித்தபோது எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. 2005இல் வெளியான முடிவின்படி, முன்பு தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் நிகழ்வுகள் 42 சதவீதம் குறைவாக இருந்தன. நல்ல கட்டுப்பாட்டில் கழிந்த சில ஆண்டுகளின் பயன் எண்கள் சமமான பிறகும் உடம்பில் தங்கியிருந்தது. இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, அழைப்பை ஆறு மாதத் திட்டமாக நடத்தி முடித்துவிட்டு எண் நிலைத்து நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு, நோயின் தொடக்க ஆண்டுகளில் கொடுக்கும் ஆதரவு பின்னால் நின்றுபோனாலும் முழுவதும் வீணாகாது. ஆகவே ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் புதிதாக நோய் கண்டவர்களுக்கும் புதிதாக இன்சுலின் தொடங்கியவர்களுக்கும் முன்னுரிமை தரலாம்.

செவிலியருக்குப் பதில் குறுஞ்செய்தியோ செயலியோ போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. நீரிழிவு வரும் அபாயத்தில் இருந்த 537 ஆண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வாழ்க்கைமுறை பற்றிய குறுஞ்செய்திகள் பெற்றவர்களில் இரண்டாண்டுகளில் 18 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. மலிவான வழியில் கிடைத்த பெரிய பலன் இது. ஆனால் அவர்கள் நோய் வருமுன் இருந்தவர்கள்; நடக்கவும் உணவை மாற்றவும் நினைவூட்டல் தேவைப்பட்டவர்கள். இன்சுலின் எடுப்பவருக்கு வேண்டியது 'நடந்தீர்களா' என்ற செய்தி மட்டும் இல்லை. நேற்றிரவு ஏன் 58க்கு இறங்கியது என்று விசாரித்து அளவைக் குறைக்கும் ஆள். இரண்டையும் இணைக்கும் வழியும் உண்டு. அமெரிக்காவில் இருபதாண்டுகளுக்கு முன்பே தானியங்கி அழைப்புகள் நோயாளிகளிடம் எண்களையும் அறிகுறிகளையும் கேட்டுப் பதிவுசெய்ய, பிரச்சினை தெரிந்தவர்களை மட்டும் செவிலியர் அழைக்கும் முறை சோதிக்கப்பட்டது. சலித்தெடுக்கும் வேலையை இயந்திரத்திடம் விடலாம். முடிவுக்குப் பொறுப்பேற்கும் மனிதர் மறுமுனையில் வேண்டும்.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் கதை, இங்கே நடக்குமா என்பது கடைசி ஆட்சேபம். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். செவிலியர்கள் குறைவு, பல வீடுகளில் கைபேசி மகனிடமோ கணவரிடமோ இருக்கிறது, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்குச் சொந்தக் காசு போகிறது. இந்தியாவில் செவிலியர் சுயமாக இன்சுலின் அளவை எழுதிக் கொடுக்கவும் முடியாது. 2020 மார்ச்சில் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஆலோசனையைப் பதிவுபெற்ற மருத்துவரிடமே வைத்து, செவிலியரை நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் உதவுபவராகக் காண்கின்றன. ஆனால் அதிகாரத்தைப் பகிர வேறு வழிகளும் உண்டு. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பத்து மருத்துவ மையங்களில் 1,146 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், மருத்துவரல்லாத ஒருங்கிணைப்பாளர் நோயாளியைத் தொடர்ந்து கவனித்தார். கணினி அடுத்த சிகிச்சை மாற்றத்தைப் பரிந்துரைத்தது. மருத்துவர் அதை ஏற்றார் அல்லது திருத்தினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டில் சர்க்கரை இலக்கையும் அதோடு ரத்த அழுத்தம் அல்லது கொழுப்பு இலக்கையும் எட்டியவர்கள் 18.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 8.1 சதவீதம். கையெழுத்து மருத்துவருடையதாகவே இருந்தது, ஆனால் அது மூன்று மாதம் காத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மாத்திரை வாங்கக் கூலி வேலையை விட்டு வரிசையில் நிற்க முடியாதவருக்கு இது பெரிய உதவி. ஆனால் மாத்திரையைக் கொண்டுசேர்ப்பதும் மாத்திரை போதுமா என்று முடிவுசெய்வதும் தனித்தனி வேலைகள். முதல் வேலை மட்டும் நடந்தால், போதாத அளவே ஒழுங்காக வீடு வந்து சேர்ந்துகொண்டிருக்கும் அபாயம் உண்டு. வீடுவரை போகும் ஆள் ஏற்கெனவே இருக்கிறார். அவர் பார்த்து எழுதும் சர்க்கரை எண் ஒரு செவிலியரின் மேசைக்குப் போய், அங்கிருந்து மருத்துவர் முன்பே ஒப்பிய விதிப்படி இரண்டு நாளில் பதில் அழைப்பு வர வேண்டும் என்பதுதான் மிச்சமிருக்கும் படி. ஸ்ட்ரிப் செலவையும் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. தொடக்கத்தில் சொன்ன 2003 ஆய்வில் வாராந்திர அளவு முந்தைய இரண்டு நாட்களின் காலைச் சர்க்கரையைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. தாழ்சர்க்கரை சந்தேகம் வரும் நேரங்களுக்கென ஒதுக்குவதையும் சேர்த்தால், அளவு கூட்டப்படும் காலத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு ஸ்ட்ரிப் இருந்தால் வேலை தொடங்கிவிடும். கைபேசி மகனிடம் இருந்தால் அவர் வீட்டில் இருக்கும் மாலை நேரத்தில் அழைக்கலாம். சமைப்பவரும் அருகில் இருப்பது நல்லதுதான்.

ஆகவே ஒரு மருத்துவமனையோ அரசுத் துறையோ நீரிழிவு நோயாளிகளுக்குத் தொலைபேசிச் சேவை தொடங்குவதாக அறிவிக்கும்போது, சில கேள்விகளைக் கேட்டு அதன் பயனை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். யாரை அழைக்கிறார்கள்: எல்லோரையுமா, எண் ஏறியிருப்பவர்களையும் சிகிச்சை மாறிக்கொண்டிருப்பவர்களையுமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை: மருந்தின் அளவு மாறும் வேகத்துக்கு அது ஈடு கொடுக்கிறதா? அழைப்பவர் கையில் நோயாளியின் எண்கள் இருக்கின்றனவா, ஒப்புதல் பெற்ற விதித்தாள் இருக்கிறதா? விதியில் அடங்காதபோது அன்றைக்கே பேசக்கூடிய மருத்துவர் இருக்கிறாரா? கண்ணும் காலும் சிறுநீரகமும் நேரில் பார்க்கப்படும் தேதி குறிக்கப்பட்டிருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் அந்தச் செவிலியரின் பத்து நிமிட அழைப்பு, மருந்துச் சீட்டைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதி. அதற்குரிய சம்பளமும் பயிற்சியும் சட்டப் பாதுகாப்பும் அவருக்குத் தரப்பட வேண்டும். இல்லை என்றால் அது 0.4 புள்ளி மதிப்புள்ள நல்ல அறிவுரை. அதையும் கொடுக்கலாம், ஆனால் சிகிச்சை கொடுத்துவிட்டதாகக் கணக்கெழுதக் கூடாது.